கண்காணிக்க வேண்டிய நபர்

மேசையின் கீழ்த்தட்டில், வருகையாளர் பதிவேட்டுக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் உறையிட்ட ஒரு தாள் இருந்தது. தலைப்பில் 'கண்காணிக்க வேண்டிய நபர்' என்று தடித்த ஆங்கில எழுத்து. அதன் கீழே ஒரு வண்ணப்படம். கம்பளித் தொப்பி போட்ட ஒரு மனிதன் கையில் ஒலிபெருக்கியோடு எதையோ உரத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறான். நெற்றி, கண், மூக்கு எல்லாம் தெளிவாகத் தெரிகின்றன. படத்துக்குக் கீழே நாலு வரி: பெயர் தெரியாது. எதிரேயுள்ள கூடாரத்தின் தலைவன் போலத் தெரிகிறது. ஆவேசமான ஆள். கட்டடத்துக்குள் வர முயன்றால் உடனே அறிவிக்கவும்.

"இந்த முகத்தை மனதில் பதித்துக்கொள், ஜே," என்றான் மேற்பார்வையாளன் கிரெய்க்.

ஜே என்று அழைக்கப்பட்ட காவலாளி தாளை வாங்கிப் பார்த்தான். பதித்துக்கொள்ள அதிக நேரம் எடுக்கவில்லை. நாற்பத்து மூன்று வயதுவரை தினமும் கண்ணாடியில் பார்த்துச் சவரம் செய்த முகம் அது.

"சரி," என்று சொல்லித் தாளைத் திரும்ப வைத்தான்.

கிரெய்க் அவனிடமிருந்து இரண்டு அடி தூரத்தில்தான் நின்றான். அவன் கண்ணில் குறை எதுவும் இல்லை. கட்டடத்தின் பதினாறு கமராக்களையும் நாள் முழுவதும் பார்ப்பதுதான் அவன் தொழில். ஆனால் சீருடை போட்டவனைப் பார்க்கும்போது யாரும் சீருடைக்கு மேலே பார்ப்பதில்லை. முகமூடி போட்டால்கூட உள்ளே யார் என்று சந்தேகம் வரும். காவலாளியின் கறுப்பு மேலங்கியைப் போட்டால் உள்ளே ஒருவன் இருக்கிறான் என்ற சந்தேகமே வராது.

அவனுடைய முழுப் பெயர் சூசைப்பிள்ளை ஜெயதீபன். நெஞ்சில் குத்தும் பெயர்த்தகட்டில் அவ்வளவு இடம் இல்லை என்று காவல் கம்பனி சொன்னது. ஆறு வருடத்துக்கு முன் முதல் நாள் வேலைக்குப் போனபோதே அது ஜே என்று சுருங்கிவிட்டது. அவன் கத்தோலிக்கன். மனைவி சிவசோதி சைவக் குடும்பம். அவர்கள் கலியாணம் கட்டியபோது தேவாலயமும் கோயிலும் ஒரே நேரத்தில் கதவைச் சாத்தின. அதற்குப் பிறகு எந்தக் கதவையும் அவன் கும்பிட்டுத் திறக்க முயன்றதில்லை. தட்டியே திறக்கப் பார்த்தான். 2013ஆம் ஆண்டு சிவசோதியையும் ஆறு வயது மகள் சஜிதாவையும் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணத்தை விட்டுப் படகில் அவுஸ்திரேலியா வந்து சேர்ந்தான். அன்றிலிருந்து பன்னிரண்டு வருடமாக அவர்களுக்குத் தற்காலிக விசா. அது முடிய இன்னொரு தற்காலிக விசா. சனி பகவான்கூட இரண்டரை வருடத்துக்கு ஒரு தடவை வீடு மாறுகிறார். இவர்களுடைய கோப்பு இருந்த மேசையை விட்டு நகரவில்லை.

மெல்பேர்ன் நகரத்துக்குள், சதர்ன் குரொஸ் ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் இருந்தது அந்தக் கட்டடம். மூன்றாம் மாடியில் விசா விடயங்களைக் கவனிக்கும் அலுவலகம். எதிர்ப்பக்க நடைபாதையில் ஒரு நீலக் கூடாரம். படகில் வந்து பத்து வருடத்துக்கு மேலாகக் காத்திருப்பவர்கள் முறை வைத்து அங்கே உட்கார்ந்திருந்தார்கள். ஜெயதீபனுக்குச் செவ்வாயும் புதனும் ஓய்வு. இரண்டு நாளும் கூடாரத்தில் இருப்பான். ஒலிபெருக்கி அவன் கையில்தான் அதிகம் இருக்கும். குரல் நல்ல குரல்.

மற்ற ஐந்து நாளும் அதுவரை டண்டினொங் என்ற புறநகரில் ஒரு குளிர்பதனக் களஞ்சியத்தின் வாசலில் காவல் நின்றான். அந்தக் கூடாரத்தைக் கண்டு பயந்துபோன கட்டட நிர்வாகம், இன்னொரு காவலாளி வேண்டும் என்று கம்பனியிடம் கேட்டது. வேலை நேரத்தைப் பங்குபோடுவது கம்பனியின் கணினி. டண்டினொங்கிலிருந்து நகரத்துக்கு நேரே ரயில் இருக்கிறது என்பது அதற்குத் தெரியும். ஓய்வு நாளில் ஒருவன் எங்கே உட்கார்ந்திருக்கிறான் என்பது தெரியாது. ஆக, ஜெயதீபன் கூடாரத்தில் உட்கார்ந்ததால் ஒரு காவலாளி தேவைப்பட்டான். அந்தக் காவலாளியாக ஜெயதீபனையே அனுப்பினார்கள்.

அந்தக் கட்டடத்துக்கு வேலைக்குப் போன மூன்றாம் நாள்தான் அந்தத் தாள் வந்தது. அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் குசினிக்குள் வைத்து விஷயத்தைச் சொன்னான்.

"இஞ்சருங்கோ, பகிடி விடாதேங்கோ," என்றாள் சிவசோதி. கையில் வெங்காயம் அப்படியே நின்றது. "உண்மையா நீங்கள்தானோ?"

"நான்தான். நீ பின்னித் தந்த தொப்பி வடிவாத் தெரியுது. மஞ்சள் கரை."

"வெயிட், வெயிட்," என்று அறைக்குள்ளிருந்து ஓடி வந்தாள் சஜிதா. "உங்களைப் பிடிக்கச் சொல்லி உங்களிட்டயே தந்திருக்கினமா? சீரியஸ்லி?"

"பிடிக்கச் சொல்லேல்ல. கண்டா அறிவிக்கச் சொன்னவை."

"அப்ப இண்டைக்கு ஃபுல் டே கண்டனீங்கள்தானே. அறிவிச்சனீங்களோ?"

அவள் சிரித்த சிரிப்பில் நிலத்திலேயே இருந்துவிட்டாள். சிவசோதிக்குச் சிரிப்பு வரவில்லை.

"உமக்குச் சிரிப்பு. கொப்பரின்ர வேலை போனா என்ன நடக்கும் எண்டு தெரியுமே? காவல்காரர் ஒருத்தர் போராட்டத்தில நிண்டவர் எண்டு பேர் பதிஞ்சா லைசென்சையும் பறிச்சுப் போடுவாங்கள். பிறகு ஆர் வேலை தருவான்?"

அவள் சொன்னதில் பிழை இல்லை. அந்த வீட்டில் நிரந்தரமான ஒரே பொருள் ஜெயதீபனின் வேலைதான். விசா தற்காலிகம், வாடகை வீடு தற்காலிகம், சிவசோதி முதியோர் இல்லத்தில் செய்யும் சலவை வேலையும் கூப்பிடும் நாளில் மட்டும்.

ஆனால் கூடாரமும் அதே அளவுக்குத் தேவையாக இருந்தது. சஜிதா போன வருடம் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தாள். தாதியர் படிப்புக்குப் போதுமானதற்கு மேலாகவே மதிப்பெண் எடுத்தாள். டண்டினொங்கில் முதலாம் வகுப்பிலிருந்து படித்த பிள்ளை, பல்கலைக்கழகத்தின் கணக்கில் வெளிநாட்டு மாணவி. எந்த வெளிநாடு என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. அந்தக் கட்டணத்தைக் கட்ட அவர்களால் முடியாது. வகுப்புத் தோழிகள் எல்லாரும் வளாகத்துக்குப் போன பெப்ரவரி மாதத்தில் அவள் ஒரு சலாட் பொதி செய்யும் ஆலையில் லேபல் ஒட்டப் போனாள். நோயாளிக்கு ஊசி போட வேண்டிய கை கீரைப் பைக்குத் திகதி ஒட்டுகிறது. ஆஸ்பத்திரிகளில் தாதியர் போதவில்லை என்று தொலைக்காட்சியில் மாதத்துக்கு ஒரு தடவை அழுவார்கள். இந்த இரண்டு செய்தியையும் ஒரு நாளாவது சேர்த்துப் படித்துப் பார்க்க யாருக்கும் தோன்றியதில்லை.

"வேலையையும் விடமாட்டன். கூடாரத்தையும் விடமாட்டன்," என்றான் ஜெயதீபன். "அஞ்சு நாள் அவங்களுக்கு. ரெண்டு நாள் எனக்கு. ஒரு நாளிலயும் பிழை செய்யேல்ல. பாப்பம்."

"என்னத்தைப் பாக்கிறது?" என்று கேட்டாள் சிவசோதி.

"அவங்கள் எப்ப என்னைப் பாக்கிறாங்கள் எண்டு."

அடுத்த வாரமே கிரெய்க் ஒருவரைக் கண்டுபிடித்தான். கமரா அறையிலிருந்து வானொலிக் கருவியில் குரல் பரபரத்தது. லிஃப்ட் பக்கம் நிற்கும் நீல ஜாக்கெட்காரர்தான் படத்தில் உள்ள ஆள், உடனே போய் விசாரி என்றான். ஜெயதீபன் தாளையும் எடுத்துக்கொண்டு போனான். ஐம்பது வயதிருக்கும் ஒரு மனிதர், கையில் ஒரு தடித்த கோப்போடு நின்றார். நெற்றியில் சின்னதாக விபூதி.

"தமிழோ நீங்கள்?"

"ஆமா, ஈரோடு. ஏன், என்னங்க பிரச்சினை?"

"ஒண்டும் இல்லை, ஐயா. ஒரு ஆளின்ர படம் தந்திருக்கினம். நீங்கள் அந்த ஆள் மாதிரி இருக்கிறியளாம். அதுதான் கேட்டுவரச் சொன்னவை."

"நான் அந்த ஆள் மாதிரியா? குடுங்க பார்க்கலாம்."

ஈரோட்டுக்காரர் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுப் படத்தைப் பார்த்தார். நிமிர்ந்து ஜெயதீபனைப் பார்த்தார். திரும்பப் படத்தைப் பார்த்தார்.

"ஏங்க, இது நீங்கதானே?"

ஜெயதீபன் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டான். இடுப்பில் கருவி கரகரத்தது. "ஜே, அவன்தானா? அவன்தானா?"

"அடக் கொடுமையே!" ஈரோட்டுக்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சிரித்தார். "எனக்கும் இந்தப் படத்துக்கும் கண்ணு ஒத்துவரல, மூக்கு ஒத்துவரல. கலர் மட்டும்தாங்க ஒத்துவருது. அதை மட்டும்தான் பார்க்கிறானுங்க போல." பிறகு சிரிப்பு நின்றது. "அந்த டென்ட்டுல உக்காந்திருக்கிறவங்களா நீங்க?"

"ஓம்."

"நான் சிட்டிசன்ஷிப்புக்கு அப்ளை பண்ணி ஒரு வருஷம் ஆச்சு. இன்னும் இழுத்தடிக்கிறாங்களேன்னு நாலு வார்த்தை கேக்கலாம்னு கெளம்பி வந்தேன். நீங்க எத்தனை வருஷமா..."

"பன்ரெண்டு."

அவர் கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"அவர் இல்லைன்னு சொல்லிடுங்க தம்பி," என்றார். "நானும் யாரையும் பார்க்கல."

அவரைப்போல இரண்டு மாதத்தில் ஐந்து பேர் நிறுத்தப்பட்டார்கள். ஒருவர் வங்காளி, ஒருவர் பீஜித் தீவுக்காரர், ஒருவர் மூன்றாம் மாடியிலேயே வேலை பார்க்கும் அதிகாரி. ஒவ்வொருவரிடமும் ஜெயதீபன் மரியாதையாக மன்னிப்புக் கேட்டு, அவர் இல்லை என்று அறிவித்தான். அவன் அறிவித்ததில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

ஜூலைக் கடைசியில் மூன்றாம் மாடி இறங்கி வந்தது. கூடாரத்தாரின் கடிதத்தை நேரில் வாங்கிக்கொள்ளச் சம்மதித்தார்கள். ஒரே ஒரு பிரதிநிதி வரலாம். பெயரும் கோப்பு எண்ணும் முன்கூட்டியே தர வேண்டும், தந்த பெயரைப் பிறகு மாற்ற முடியாது. வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணி. கூடாரம் கூடி ஜெயதீபனின் பெயரை அனுப்பியது. கடிதத்தை எழுதியவள் சஜிதா. அவளோடு சேர்த்துப் படிப்பு நின்ற பதினான்கு பிள்ளைகளின் கதை அதில் இருந்தது. முதல் பக்கத்தில் அவள் பெயர்.

பெயர் அனுப்பிய பிறகுதான் கம்பனியின் அறிவிப்பு வந்தது. போராட்டக்காரர் ஒருவர் உள்ளே வரவிருப்பதால், வெள்ளிக்கிழமை யாருக்கும் லீவு இல்லை. யாரும் வேலை நேரத்தை மாற்றிக்கொள்ளவும் முடியாது. ஜெயதீபனுக்கு லீவு கிடைக்காததற்குக் காரணம் ஜெயதீபன் வருவதுதான்.

புதன்கிழமை கூடாரத்தில் இதைப் பற்றிப் பெரிய கதை நடந்தது. லதீஸ் என்ற இளைஞன், கூரை வேலை செய்பவன், முதலில் வாய் திறந்தான்.

"அண்ணை, நான் போறன். உங்கட பேரைச் சொல்லிக்கொண்டு போறன். அவங்களுக்கு வித்தியாசம் தெரியவே போகுது? உங்கட படத்தை வைச்சே அஞ்சு பேரைப் பிடிச்சவங்கள்."

எல்லாரும் சிரித்தார்கள்.

"அது பொய், லதீஸ்," என்றான் ஜெயதீபன். "பன்ரெண்டு வருசமா நாங்கள் சொல்லுறது உண்மை எண்டு கத்துறம். அதைச் சொல்லப் போகேக்க பொய்யோட போறதே?"

"அப்ப திகதியை மாத்தக் கேளுங்கோ, தம்பி," என்றார் யோகராணி அன்ரி. அறுபது தாண்டியவர். கூடாரத்துக்குத் தினமும் பிளாஸ்க் நிறையத் தேத்தண்ணி கொண்டுவருபவர். "வெள்ளிக்கிழமை பதினொரு மணி எண்டா ராகு காலம். பத்தரையில இருந்து பன்ரெண்டு வரைக்கும். ஆரும் அந்த நேரத்தில ஒரு கடிதத்தைக் குடுப்பினமே? நீங்கள் என்ன கதை கதைக்கிறியள்?"

"அன்ரி, அது யாழ்ப்பாணத்து ராகுவோ, மெல்பேர்ன் ராகுவோ?" என்று கேட்டாள் பக்கத்தில் இருந்த சஜிதா. "இஞ்ச பதினொரு மணி எண்டா அங்க காலமை ஆறரைதான்."

"உமக்கு எல்லாம் விளையாட்டு."

"அன்ரி," என்றான் ஜெயதீபன், "நாங்கள் படகு ஏறினது நல்ல நேரம் பாத்துத்தானே? ஐயர் எழுதித் தந்த நேரம். அதுக்குப் பிறகுதான் இந்தப் பன்ரெண்டு வருசம். இனி ஒருக்கா கெட்ட நேரத்தில முயற்சி செய்து பாப்பம். திகதியை மாத்தினா பிறகு எப்ப தருவினம் எண்டு தெரியாது."

யோகராணி அன்ரி உதட்டைப் பிதுக்கினார். வேலை என்னாகும் என்று யாரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருந்தது. காவலுக்கு நிற்கும்போது இடத்தை விட்டு வெளியே போவது அந்தத் தொழிலில் மன்னிக்கப்படாத குற்றம். அதற்கு மேல் அவன் எங்கே போனான் என்பது தெரிந்தால் சொல்லவே தேவையில்லை.

வெள்ளிக்கிழமை காலை சிவசோதி சாப்பாட்டுப் பெட்டியைக் கையில் கொடுத்தாள். வாசல்வரை வந்து, அவன் சேட்டுக் கொலரை இழுத்துச் சரி செய்தாள்.

"அந்தக் கறுப்பு மேலங்கியைக் கழட்டினா உள்ளுக்கு இருக்கிற சேட்டுத்தான் தெரியும்," என்றாள். "அதுதான் மினுக்கி வைச்சனான்."

"போட்டு வாறன்," என்றான் அவன்.

அன்று வாசலில் அவனோடு நின்றவன் குர்பிரீத். பஞ்சாபி இளைஞன், படித்துக்கொண்டே காவல் வேலை செய்பவன். பத்து மணிக்கு வருகையாளர் பட்டியல் வந்தது. கிரெய்க் அதைக் கமரா அறையிலிருந்து வானொலிக் கருவியில் வாசித்தான். சூசைப்பிள்ளை என்ற இடத்தில் அவன் நாக்கு ஒரு தடவை தடுக்கி விழுந்தது. ஜெயதீபன் என்ற இடத்தில் எழும்பவே இல்லை. "எஸ் என்று தொடங்கும் அந்த ஆள்" என்று முடித்துக்கொண்டான்.

பத்து ஐம்பதுக்கு ஜெயதீபன் கருவியை எடுத்தான்.

"கிரெய்க், எனக்கு அரை மணி நேரம் ஓய்வு வேண்டும். இன்னும் என்னுடைய இடைவேளையை நான் எடுக்கவில்லை."

"இப்போதா? அந்த ஆள் வந்து போகும்வரை யாருக்கும் இடைவேளை கிடையாது."

"நான் இல்லாவிட்டால் அந்த ஆள் வர முடியாது, கிரெய்க்."

"அதைத்தானே நானும் சொல்கிறேன். உன் இடத்திலேயே நில்."

ஜெயதீபன் கருவியை மேசையில் வைத்தான். கறுப்பு மேலங்கியைக் கழற்றி மடித்துக் கதிரையில் போட்டான். பெயர்த்தகட்டையும் கழற்றி அதன் மேல் வைத்தான். குர்பிரீத் வாயைத் திறந்தபடி பார்த்தான். ஜெயதீபன் கீழ்த்தட்டிலிருந்த தாளை எடுத்து அவன் முன்னால் வைத்துவிட்டுச் சுழல்கதவு வழியாக வெளியே போனான்.

தெருவைக் கடந்தபோது கூடாரத்தில் எல்லாரும் எழுந்து நின்றார்கள். சஜிதா ஆலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். கடிதத்தை இரண்டு கையாலும் நீட்டினாள்.

"அப்பா, யூ ஓகே?"

"ஓம். தொப்பி வேண்டாம். வெறுந்தலையோட போறன்."

பதினொரு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது அவன் அதே சுழல்கதவால் உள்ளே வந்தான். மேசை முன்னால் நின்று அடையாள அட்டையை நீட்டினான். குர்பிரீத் அதை வாங்கினான். அட்டையைப் பார்த்தான், தாளைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான். இரண்டு மாதமாக இந்த மனிதனோடு ஒரே பிளாஸ்கில் தேநீர் குடித்தவன் அவன். அவனும் அந்தத் தாளை நூறு தடவை பார்த்திருக்கிறான்.

"பாஜி," என்றான் மெதுவாக. பஞ்சாபியில் அது அண்ணன். "என்னை மன்னியுங்கள். எனக்கும் தெரியவில்லை."

"பதிந்துகொள்," என்றான் ஜெயதீபன். "நேரம் போகிறது."

குர்பிரீத் பதிவேட்டில் அந்த நீண்ட பெயரை ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து முழுவதும் எழுதினான். உலோகம் கண்டுபிடிக்கும் கோலால் உடம்பைத் தடவினான். அந்த நேரம் கருவி கத்தியது.

"குர்பிரீத், உள்ளே வந்துவிட்டான், தெரிகிறதா? படத்தில் உள்ள அதே ஆள்! ஜே எங்கே? ஜேயை அவனோடு ஒட்டிப் போகச் சொல். ஒரு அடிகூட விலகக் கூடாது."

குர்பிரீத் கருவியை வாயருகே கொண்டுபோனான்.

"ஜே அவரோடுதான் இருக்கிறார், சேர். இதற்கு மேல் ஒட்ட முடியாது."

மூன்றாம் மாடியில் ஒரு பெண் அதிகாரி இருபது நிமிடம் ஒதுக்கியிருந்தார். ஜெயதீபன் பதினைந்து நிமிடத்தில் முடித்தான். சத்தம் போடவில்லை. ஒலிபெருக்கி கேட்காதவர்களுக்குத்தான். கேட்பதற்கு ஒருவர் கதிரை போட்டு உட்கார்ந்திருக்கும்போது அது தேவைப்படவில்லை. பதினான்கு பிள்ளைகளின் பெயரையும் ஒவ்வொன்றாகச் சொன்னான். அதிகாரி கடிதத்தில் பெற்றுக்கொண்டதாக முத்திரை குத்திப் பிரதியைக் கொடுத்தார். எந்த வாக்குறுதியும் தரத் தனக்கு அதிகாரம் இல்லை என்றும் சொன்னார். அது அவனுக்குத் தெரியும்.

கீழே வந்து வருகையாளர் அட்டையைத் திருப்பிக் கொடுத்தான். வெளியே போய்ப் பிரதியைச் சஜிதாவிடம் கொடுத்தான். பதினொன்று இருபத்திரண்டுக்குத் திரும்ப உள்ளே வந்து மேலங்கியைப் போட்டுக்கொண்டு நின்றான்.

அப்போதே குட்டு வெளிப்பட்டிருக்க வேண்டும். கமரா ஒன்று வாசலைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் கிரெய்க் அந்த ஆள் மூன்றாம் மாடியிலிருந்து இறங்கி வீதிக்குப் போகும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். போனதும் கதிரையில் சாய்ந்துவிட்டான். வெள்ளைச் சேட்டோடு வெளியே போன மனிதன் அதே சேட்டோடு உள்ளே வந்து கறுப்பு மேலங்கி போட்டதை, ஒரு காவலாளி குளிருக்கு மேலங்கி போடுவதாகத்தான் அவன் கண் கண்டது.

மதியம் அவன் சிரித்த முகத்தோடு இறங்கி வந்தான்.

"அருமையான வேலை, ஜே. ஒரு பிரச்சினையும் இல்லை. நிர்வாகத்துக்கும் திருப்தி. இனி ஒரே ஒரு விஷயம். சம்பவ அறிக்கை ஒன்று வேண்டும். அவனோடு கூடப் போனவன் நீதான், நீதான் எழுத வேண்டும்." குரலைத் தாழ்த்தினான். "அந்தக் கூடாரத்தை அகற்ற நிர்வாகம் நகரசபைக்கு எழுதப் போகிறது. அவன் மிரட்டுகிற மாதிரி நடந்துகொண்டான் என்று உன் அறிக்கையில் ஒரு வரி இருந்தால் நல்லது. பார்வை, நடை, ஏதாவது ஒன்று. இங்கே மூத்த காவலாளி இடம் ஒன்று காலியாக இருக்கிறது. உன் பெயரைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்."

ஜெயதீபனுக்கு அப்போதுதான் உண்மையில் கோபம் வந்தது. தன்னை யாருக்கும் அடையாளம் தெரியாமல் போனதைப் பகிடியாகவே எடுத்திருந்தான். தன்னைப் பற்றிப் பொய் சொல்லத் தன்னையே அமர்த்துவார்கள் என்று நினைத்திருக்கவில்லை. கூடாரத்தில் இருக்கும் அத்தனை பேரையும் தெருவில் எறிய ஒரு வரி தேவைப்பட்டது. அதை எழுத ஒரு கையும் தேவைப்பட்டது.

பேசாமல் இருந்தால் வேலை இருக்கும். ஒன்றும் நடக்காதது போல, அந்த ஆள் அமைதியாக வந்து போனான் என்று எழுதிக் கொடுத்தாலும் வேலை இருக்கும். அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். படிவத்தில் ஆங்கிலத்தில், கூட்டெழுத்து இல்லாமல், தனித்தனி எழுத்தாக எழுதினான்.

'10.58க்கு அந்த நபர் உள்ளே வந்தார். அடையாள அட்டையைக் காட்டினார். சோதனைக்கு ஒத்துழைத்தார். மூன்றாம் மாடியில் பதினைந்து நிமிடம் இருந்தார். யாரையும் மிரட்டவில்லை, குரல் உயர்த்தவில்லை. 11.20க்கு வெளியேறினார். இதை நான் உறுதியாகச் சொல்வதற்குக் காரணம், அந்த நபர் நான். 10.52 முதல் 11.22 வரை அனுமதி இல்லாமல் என் இடத்தை விட்டு நீங்கியிருந்தேன். அந்தத் தவறு என்னுடையது மட்டும். குர்பிரீத் தன் கடமையைச் சரியாகச் செய்தார்.'

கீழே சூசைப்பிள்ளை ஜெயதீபன் என்று முழுவதும் கையெழுத்துப் போட்டான்.

கிரெய்க் அதை நின்றபடி வாசித்தான். பாதியில் உட்கார்ந்தான். முடித்ததும் ஜெயதீபனின் முகத்தைப் பார்த்தான். நெற்றி, கண், மூக்கு என்று ஒவ்வொன்றாக, புதிதாக வேலைக்குச் சேர்ந்தவனைப் பார்ப்பது போலப் பார்த்தான்.

"கடைசி வரிகளை எடுத்துவிடு, ஜே," என்றான். "மிரட்டினான் என்று எழுத வேண்டாம். அது என்னுடைய தவறு. ஆனால் நீதான் என்பதையும் எடுத்துவிடு. யாருக்கும் தெரிய வராது."

"இரண்டு மாதமாக யாருக்கும் தெரிய வரவில்லை, கிரெய்க். அதுதானே பிரச்சினை?"

கூப்பிடும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று கம்பனி சொல்லிவிட்டது. சனியும் ஞாயிறும் அவர்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. திங்கட்கிழமை காலை கம்பனியின் தலைமை அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. சிவசோதி பக்கத்தில் நின்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் பத்து நிமிடம் கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு தொலைபேசியை வைத்தான்.

"நிப்பாட்டிப் போட்டாங்களோ?" என்று கேட்டாள்.

"இல்லை. டண்டினொங் களஞ்சியத்துக்கே திரும்பப் போகட்டாம். சம்பளம் குறையாதாம். நல்ல சேவைக்கு ஒரு பாராட்டுக் கடிதமும் தருவினமாம்."

"என்னது?"

சஜிதாதான் முதலில் விளங்கிக்கொண்டாள். அவனை வேலையால் நிறுத்தினால் ஏன் நிறுத்தினோம் என்று எழுத வேண்டும். எழுதினால் கட்டட நிர்வாகம் வாசிக்கும். ஆபத்தானவன் என்று படம் போட்டுத் தேடிய மனிதனிடமே இரண்டு மாதம் கட்டடத்தின் சாவிக்கொத்தைக் கொடுத்து வைத்திருந்தோம் என்று எந்தக் கம்பனி ஒப்புக்கொள்ளும்? அந்த அறிக்கையைக் காட்டிக் கூடாரத்தை அகற்றச் சொல்லவும் முடியாது. பொய் எழுதியிருந்தால் அதற்காவது உதவியிருக்கும். உண்மையை எழுதியதால் யாராலும் அதைத் தொட முடியவில்லை.

செய்தி கேட்டுப் பின்னேரமே யோகராணி அன்ரி கையில் பிரசாதத்தோடு வந்தார்.

"நான் உங்களுக்குச் சொல்லேல்ல. வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு அம்மனுக்கு ஏழு எலுமிச்சம்பழ விளக்குப் போட்டனான். ராகுவை அவதான் மறிச்சவ."

"அன்ரி," என்றான் ஜெயதீபன், "அம்மன் மறிச்சவவோ தெரியாது. கிரெய்க்கின்ர கண்ணை ஆரோ நல்லா மறிச்சிருக்கினம்." பிரசாதத்தை வாங்கிச் சாப்பிட்டான். சக்கரைப் பொங்கல் நன்றாகத்தான் இருந்தது.

பாராட்டுக் கடிதம் வியாழக்கிழமை வந்தது. சஜிதா அதை உரத்து வாசித்தாள். நிதானமானவர், நம்பிக்கைக்குரியவர், பதற்றமான சூழலிலும் அமைதி காப்பவர் என்றெல்லாம் எழுதியிருந்தது. அன்பான ஜே என்று தொடங்கியிருந்தது.

"இதைத் திருப்பி அனுப்பு, பிள்ளை," என்றான். "பேரை முழுசாப் போட்டுத் தரச் சொல்லு. வந்தவுடன எங்கட அடுத்த கடிதத்தோட சேர்த்து மூண்டாம் மாடிக்குக் குடுப்பம். அறிக்கையின்ர பிரதியும் ஒண்டு கேள். அது என்ர கையெழுத்து. கேக்க எனக்கு உரிமை இருக்கு."

"வேலை தப்பினது போதாதே? இனியும் போகப் போறியளோ?" என்றாள் சிவசோதி. கேள்வியில் தடுப்பு இல்லை. அடுத்த செவ்வாய்க்குச் சாப்பாட்டுப் பெட்டி கட்ட வேண்டுமா என்பதுதான் கேள்வி.

"பதினாலு பிள்ளையளும் இன்னும் வெளியிலதானே நிக்குதுகள்?"

சஜிதாவிடம் அவளுடைய ஆலையில் கிடந்த ஒரு தடித்த அட்டையை எடுத்துவரச் சொல்லியிருந்தான். செவ்வாய்க்கிழமை விடிய அவள் அதைக் கொண்டுவந்து கொடுத்தாள். கறுப்பு மையால், தமிழில் ஒரு வரியும் ஆங்கிலத்தில் ஒரு வரியுமாக, அவனுடைய பெயரை முழுவதும் அதில் எழுதச் சொன்னான். இரண்டு மூலையிலும் துளையிட்டு நூல் கோத்தான். ரயிலில் ஏறும்போதே அதை நெஞ்சில் தொங்கவிட்டுக்கொண்டான்.

"என்னத்துக்கு அப்பா இது?" என்று கேட்டாள் சஜிதா.

"இனி ஆரும் படம் எடுத்தா பேரும் சேர்ந்து விழட்டும்."